செவிச்செல்வர்

தாம்பரத்தில் மின்சார ரயில் புறப்படும்போது அகமது ஷா அப்தாலி யமுனையைக் கடந்துகொண்டிருப்பார். குரோம்பேட்டையில் மராத்தியப் படைக்குத் தானியம் வரும் வழி அடைபடும். கிண்டியில் 1761 ஜனவரி 14 பொழுது விடிந்து, இப்ராகிம் கான் கார்தியின் பீரங்கிகள் ரோகில்லாக்களைத் துவம்சம் செய்யத் தொடங்கும். அதற்குள் நுங்கம்பாக்கம் வந்துவிடும். செவிச்செல்வர் காதிலிருந்ததைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு இறங்கி, ஆபீஸ் கேன்டீனில் மூன்றாம் பானிபட் போரில் மராத்தியர் எப்படிப் பின்னி எடுத்தார்கள் என்று விளக்குவார். மதியத்துக்கு மேல் விஸ்வாஸ்ராவ் குண்டடிபட்டு விழுந்தது, சதாசிவராவ் பாவ் மாண்டது எல்லாம் மீதி எபிசோடில் இருக்கிறது. மாலை ரயிலில் கேட்கலாம். ஆனால் மாலைக்கு அவர் தொகுதி மறுவரையறை வைத்திருக்கிறார். ஆகவே அவரைப் பொறுத்தவரை மராத்தியர் இன்னும் தோற்கவில்லை.

கேட்பதில் ஆள் சோடை இல்லை. வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் 2022இல் 'எம்பயர்' பாட்காஸ்டைத் தொடங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனியிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். இவரும் அங்கிருந்தே கூடப் போகிறார். அமித் வர்மா 2017 முதல் நடத்திவரும் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' பக்கமும் போவதுண்டு. அதில் ஒரே உரையாடல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். இவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். கேட்டுக் கேட்டு அவர் பேச்சே ஒன்றரை மடங்காகிவிட்டது. நிகழ்ச்சிகள் மேல் குற்றமில்லை. அவர்கள் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. அந்தக் காலத்து டீக்கடை பெஞ்சில் ஒருவர் 'தினத்தந்தி'யை உரக்கப் படிப்பார். எதிர் பெஞ்சுக்காரர் பாதியில் "நிறுத்துய்யா, நேத்து வேற மாதிரி போட்டிருந்தான்" என்பார். இருவரும் கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வெறும் வாயோடு போவார்கள். பாட்காஸ்டில் அது நடக்காது. இரண்டு பேர் மணிக்கணக்காகப் பேச, மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் இவர் வாயைத் திறக்க வழியில்லை. அடக்கி வைத்த அத்தனை பேச்சையும் எங்கேயாவது இறக்கியாக வேண்டும். நாம்தான் கிடைக்கிறோம்.

கல்யாணப் பந்தி அவருக்கு மிகவும் பிடிக்கும். பக்கத்து இலைக்காரர் எழுந்து ஓட முடியாது. வாயில் சோறு இருப்பதால் மறுத்துப் பேசவும் முடியாது. "இப்ப நீங்க ஒரு கேள்வி கேக்கலாம்" என்று ஆரம்பிப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "நம்ம தமிழ்நாட்டுக்கு ஏன் இத்தனை வருஷமா அதே 39 எம்.பி. சீட்டு? ரொம்ப நல்ல கேள்வி." சாம்பார் வரும்போது 1971 மக்கள்தொகைக் கணக்கு, ரசத்துக்கு 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தம். 2001இன் 84ஆவது திருத்தம், 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு என்று அவர் முடிக்கும்போது பாயசம் அந்த இரண்டு இலைகளையும் தாண்டிப் போயிருக்கும். சொன்னதில் ஒரு வருடம்கூடப் பிசகாது என்பதுதான் எரிச்சல்.

விருந்தினராகப் பேச ஆளில்லாத நேரத்தில் தொகுப்பாளராகிவிடுவார். குழாய் ரிப்பேருக்கு வந்தவரை உட்காரவைத்து, கன்னத்தில் கை ஊன்றி, "இந்தத் துறைக்குள்ள எப்படி வந்தீங்க?" என்றார்.

"பின்பக்கத்து கேட்டு தெறந்திருந்துச்சு சார்."

வீட்டம்மாவிடம் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிப்பார். அதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் அந்த அம்மாள் முறத்தில் ஒரு கிலோ மிளகாயைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "இந்த மிளகாய் நம்மளதே இல்ல, தெரியுமா? அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியன் கொண்டு வந்தான். அதுக்கு முன்னாடி நமக்கு உறைப்புன்னா மிளகுதான்" என்றார்.

"கொண்டு வந்தவன் காம்பையும் கிள்ளிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம். சரி, நீங்க உக்காந்து கிள்ளுங்க."

அன்று காந்தாரச் சிற்பக்கலை முழுவதையும் மிளகாய் கிள்ளிக்கொண்டே கேட்டார். கண்ணைக் கசக்கியதும் அன்றைக்குத்தான்.

அவர் அப்பா ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். 1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் அரசுடைமையானபோது, அவற்றில் ஒன்றில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத குமாஸ்தா. சென்ற மாதம் நான் போயிருந்தேன். பெரியவர் உற்சாகமாகத்தான் தொடங்கினார்: "அன்னிக்குச் சனிக்கிழமை. கணக்க முடிச்சுட்டு ரூமுக்கு வந்தாச்சு. ராத்திரி ரேடியோவுல இந்திரா காந்தி பேசறாங்க. திங்கக்கிழமை போனா, மேனேஜர் யாருக்கு வணக்கம் சொல்றதுன்னே தெரியாம..."

"ஒரு நிமிஷம்பா. நீங்க ஜூலை 16லேருந்து ஆரம்பிக்கணும்."

"நான் அங்க இருந்தேன்டா."

"அது உங்க தனிப்பட்ட அனுபவம்பா. நான் சொல்றது பெரிய சித்திரம். அந்த எபிசோட் ரெண்டே முக்கால் மணி நேரம்."

மேனேஜர் கடைசியில் யாருக்கு வணக்கம் சொன்னார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பெரியவர் என்னைப் பார்த்தார். காது மிஷினைக் கழற்றி, பேட்டரியை உருவி, இரண்டையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினார்.

மகன் அதைக் கவனிக்கவில்லை. மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகாவைப் பிடுங்கி முடித்து, துணைப் பிரதமர் பதவியை அவர் ராஜினாமா செய்யும் கட்டத்துக்கு வந்திருந்தார்.