தோள்மேல் கை: படத்திருத்த மென்பொருளும் தொடக்கநிலையாளரும் – செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

புகைப்படம் திருத்தப் புதிதாகக் கிளம்பும் ஒருவர் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வினா தமிழாய்வுலகில் இன்னும் தீண்டப்படாமலே கிடக்கிறது. சங்க இலக்கியத்தில் நண்டு, சிலம்பில் செருப்பு என்கிற அளவுக்கு ஆய்வு நுணுகிவிட்ட காலத்தில் இது பெருங்குறை. சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு விரிவான நூல்தான். ஆனால் அதில் போட்டோஷாப் பற்றி ஒரு வரி கிடையாது. தனக்குப் பின்னால் வந்ததை முந்தைய நூல் சொல்லாமல் விட்டது என்று குற்றம் சாட்டித் தொடங்குவது ஆய்வேட்டு மரபு. ஆகவே அதைப் பதிவு செய்துவிட்டு மேலே செல்வோம். ஆய்வின் எல்லை திண்டிவனம் சாலையில் தொடங்கி, திருவண்ணாமலை சாலையில் கோட்டை வரும் இடத்தில் முடிகிறது. அதற்கப்பால் தொல்லியல் துறையின் பொறுப்பு. கருதுகோள் ஒன்றே: தொடக்கநிலையாளர் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அது அவரைப் பிடித்துக்கொள்கிறது. இதைப் பக்கத்து நாற்காலிக் கோட்பாடு எனலாம். பெயர் இவ்வளவு எளிதாக இருந்தால் கருத்தரங்க மலரில் சேர்க்கமாட்டார்கள் என்று அஞ்சுவோர் ‘அண்மை இருக்கைசார் கருவித்தேர்வுக் கோட்பாடு’ எனக் கொள்க. கட்டணம் ஒன்றுதான்.

மென்பொருள்களை முன்னோர் ஐவகையாகப் பகுப்பர். காசு கேட்பவை, கேட்காதவை, மாதாமாதம் கேட்பவை, முதலில் கேட்காமல் படத்தைச் சேமிக்கப் போகும்போது கேட்பவை, எவரும் கேட்காமலேயே பக்கத்துக் கடையிலிருந்து பென்டிரைவில் வந்து சேர்ந்தவை. முதல் வகை இவ்வட்டாரத்தில் அருகிவிட்டது. மூன்றாம் வகைக்கு 2013இல் போட்டோஷாப்பின் அடோபி நிறுவனம் மாறிக்கொண்டது. நான்காம் வகை எல்லாருடைய கைப்பேசியிலும் உண்டு. ஐந்தாம் வகையைப் பற்றிச் சட்டம் சொல்வது சட்டத்துறையினரின் ஆய்வுக்குரியது. ஆனால் தொடக்கநிலையாளர்களில் பெரும்பாலோர் கற்றது அதில்தான் என்பதை எந்த ஸ்டூடியோவிலும் கேட்டறியலாம். பாஸ்போர்ட் படம், முகம் வெளுப்பித்தல், பின்னணி மாற்றல் ஆகிய பயன்பாட்டு வகைகளுக்கு ஒவ்வொரு வரி போதும். பாஸ்போர்ட் படத்துக்கு எதுவும் போதும். முகம் வெளுப்பிக்க மென்பொருள் வேண்டாம், மனத்துணிவு வேண்டும். பின்னணி மாற்றல்: 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியப் படைத்தளங்கள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சிக் கோட்டை ஒன்றுதான், அதன் முன்னால் நின்று எடுத்த படத்தில் ராஜகிரிக் குன்றை வெட்டிவிட்டுச் சுவிட்சர்லாந்தை வைப்பவர்களை யுனெஸ்கோ என்ன செய்ய முடியும்?

வரலாற்றுச் சான்றுகளுக்கு வருவோம். தாமஸ் நோல் என்பவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, 1987இல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படத்தைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். மறு ஆண்டு படிப்பிலிருந்து ஆறு மாத விடுப்பு எடுத்து, தம்பி ஜானுடன் சேர்ந்து அதை வளர்த்தார். 1990இல் அது போட்டோஷாப் என்ற பெயரில் வெளிவந்தது. ஆய்வேட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்த வேலைதான் உலகுக்குப் பயன்பட்டது என்று இதிலிருந்து யாராவது முடிவுகட்டினால், பல்கலைக்கழகங்கள் சார்பில் மறுக்கக் கடமைப்பட்டுள்ளோம். மறுப்பு பின்னால் வரும். இங்கே கவனிக்க வேண்டியது 2002இல் வந்த ஏழாம் பதிப்பு. 128 எம்.பி. நினைவகம் உள்ள கணினியிலும் அது ஓடியது. ஒரு சி.டி.யில் அடங்கியது. ஒருவர் கடையிலிருந்து இன்னொருவர் கடைக்குப் போயிற்று. இருபதாண்டு கழித்தும் அதை விடாமல் வைத்திருப்பவர்கள் வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேறியவர்கள் அல்லர். ஏற்கெனவே அங்கே இருந்ததில் உட்கார்ந்தவர்கள். செஞ்சிக் கோட்டையின் கதையும் இதுவே. நாயக்கர் விட்டதில் பீஜப்பூர்க்காரர் உட்கார்ந்தனர். 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். வந்தவர்களில் சிலர் மதிலைக் கூட்டினர். வேறு எந்தக் கோட்டை வாங்கலாம் என்று யாரும் விசாரித்ததாகச் சான்றில்லை.

இனி இவ்வாய்வின் மையமான தோட்கைச் சிக்கல். ஒருவர் இரவில் இறந்துவிடுகிறார். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும். அவர் தனியாக நின்று எடுத்த படம் வீட்டில் இல்லை. இருப்பது ஆதார் அட்டை, அதில் அவரை அவர் வீட்டாருக்கே அடையாளம் தெரியவில்லை. நல்ல படம் ஒன்றே ஒன்று, அக்கா மகன் கல்யாணத்தில் கும்பலாக எடுத்தது, சிரித்த முகம். வெட்டி எடுக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர் போய்விடுகிறார். அவருடைய கை மட்டும் போவதில்லை. தோள்மேல் நான்கு விரல். இதற்கான களச்சான்றுகள் ஏராளம். (காண்க: எந்தச் சுவரும்.) கைகளை ஆராய்ந்தோர் மூவகை கூறுவர்: அழுந்தப் பிடித்து மடிப்பு விழச் செய்யும் மச்சான் கை, பட்டும் படாமலும் நிற்கும் சம்பந்தி கை, மோதிரமும் கைக்கடிகாரமும் கேமராவைப் பார்த்தபடி இருக்கும் கட்சிக் கை. (காண்க: திண்டிவனம் சாலை, கிழக்குப் பார்த்த மதில், மேலிருந்து மூன்றாம் படலம், முதற்படலம் பூப்புனித நீராட்டு, இரண்டாம் படலம் பைல்ஸ் வைத்தியம்.) குழந்தையின் கை என நான்காவது ஒன்றைச் சேர்ப்பாரும் உளர், அது தோளில் நில்லாமல் கழுத்தைச் சுற்றுவதால் தனி அதிகாரம் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இதை மறுப்போர் காட்டும் மேற்கோள் வலுவானது: அதே மதில், வடக்கு மூலை, ஐந்தாம் படலம், இடது மேல் பகுதி பசுமாடு தின்றது போக எஞ்சியது; அங்கே தெரிவது குழந்தையின் கையா, மாலையின் குஞ்சமா என்பதில் பாடபேதம் உண்டு; மாடு விட்டுவைத்த பாடமே மூலபாடம் எனக் கொள்வாரும், மாடு தின்ற பாடமே மூலபாடம், எஞ்சியது இடைச்செருகல் எனக் கொள்வாரும் இன்றளவும் பேசிக்கொள்வதில்லை. பதிப்பியல் வரலாறு அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இந்தக் கையைக் கொண்டே மென்பொருள் வரலாறு முழுவதையும் எழுதிவிடலாம். 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு லேயர்களைத் தந்தது. கை ஒரு லேயர், சட்டை ஒரு லேயர் என்றாயிற்று. ஏழாம் பதிப்பு ஹீலிங் பிரஷைத் தந்தது. விரல் இருந்த இடத்தில் சட்டைத் துணியின் நெசவு பரவியது. 2010இல் சி.எஸ். ஐந்து, கையைச் சுற்றி வளைத்துக் காட்டினால் போதும், தானே நிரப்பிவிடுகிறேன் என்றது. 2023இல் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவி, கேட்டதைச் செய்யும், கேட்காததையும் செய்யும். முன்னேற்றம் கண்கூடு, எனவே தொடக்கநிலையாளர் புதியதையே வாங்க வேண்டும் என்பது முதல் ஆட்சேபம். இது கருவியைப் பார்க்கிறது, கற்கும் விதத்தைப் பார்க்கவில்லை. ஹீலிங் பிரஷை எடுத்தவுடன் அது வேலை செய்வதில்லை. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு நல்ல துணி உள்ள இடத்தில் ஒரு க்ளிக் வைத்த பிறகுதான் செய்யும். கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் பிரஷின் வட்டம் மறைந்து வெறும் கூட்டல் குறி தெரியும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று புதியவர் வெலவெலத்துப் போவார். அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் போனில் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பாராமல், ஒற்றை விரலை நீட்டி அந்தச் சாவியைத் தட்டிவிடுவார். ஏழாம் பதிப்பில் கன்ட்ரோல் இசட் ஒரு படிதான் பின்னால் போகும், மறுபடி அழுத்தினால் செய்த தவறே திரும்பி வரும். மேலும் பின்னால் போக ஆல்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இவை கையேட்டில் உண்டு. கையேட்டைப் படித்து இவற்றைக் கற்றவர் எவரும் களத்தில் அகப்படவில்லை. இன்னொன்று: கையை அழிக்க வேண்டியதே இல்லை, அதன்மேல் ஒரு ரோஜா மாலையை வைத்தால் தீர்ந்தது என்பது மாலைக் கொள்கையினரின் வாதம். அதற்கும் மாலைப் படம் வேண்டும். அதுவும் பக்கத்துக் கணினியின் டி டிரைவில்தான் இருக்கிறது.

இரண்டாம் ஆட்சேபம் கட்டற்ற மென்பொருள் அன்பர்களுடையது, இது நியாயமானது. கிம்ப் காசு கேட்பதில்லை. பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் தொடங்கியது. 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு கண்டது. முன்பு வாக்களித்த மறுப்பும் இங்கேதான் இருக்கிறது: கையை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நிரப்பும் ரீசிந்தசைசர் என்ற துணைக்கருவியை, அடோபி அதே வித்தையைக் காட்டுவதற்குச் சில ஆண்டு முன்பே, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிசன் தம் முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாகச் செய்திருந்தார். ஆய்வேடுகளால் பயனில்லை என்போர் வாயடைக்க. கிம்ப்புக்கு இதைவிடப் பெரிய சிறப்பு ஒன்று உண்டு: ‘செஞ்சி’ என்று தட்டினால் செஞ்சி என்றே காட்டும். இது சின்ன விஷயமில்லை. ஏழாம் பதிப்பில் ஒருங்குறித் தமிழை ஒட்டினால், சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஞகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஊர்ப் பெயரையே எழுதத் தெரியாத மென்பொருளை அந்த ஊரே வைத்திருப்பது ஏன்? ஏனெனில் கடையில் யாரும் ஒருங்குறியில் தட்டுவதில்லை. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என இரு குறியேற்றங்களை ஏற்றது, 2010இல் ஒருங்குறியை ஏற்றது; போஸ்டர்க் கடை மூன்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பழைய தட்டச்சுப் பழக்கத்தில் முதலில் கொம்பு, பிறகு ச என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டும் பாமினி போன்ற எழுத்துருக்களில் நின்றுவிட்டது. தடித்தும் நெளிந்தும் நிழல் விழுந்தும் இருக்கும் அலங்கார எழுத்துகள் நூற்றுக்கணக்கில் அப்படிப்பட்டவையே கைவசம் உள்ளன. அவை ஒரு கணினியில் இருந்தால் கோப்பு தமிழாகத் திறக்கும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். ஆகவே கிம்ப் கற்ற தொடக்கநிலையாளர் சரியாகவே எழுதுகிறார், தனியாக எழுதுகிறார். அவர் கோப்பைத் திறக்கவோ, அவருக்கு ஒன்றைத் திறந்து காட்டவோ தெருவில் ஆளில்லை. கட்டற்ற மென்பொருளின் குறை மென்பொருளில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது. செஞ்சியில் இரண்டு பேர் சேர்ந்து கிம்ப் கற்றால் கோட்பாடு அவர்கள் பக்கம் சாயும். அப்படி நடப்பதை இக்கட்டுரையாளர் விரும்பவே செய்கிறார்.

மூன்றாம் ஆட்சேபம் ஒப்பீட்டுவாதிகளுடையது. தலைசிறந்த பத்து மென்பொருள்கள், தலைசிறந்த பதினைந்து என்று பட்டியல்களைப் படித்து, நிறை குறைகளை நிறுத்துத் தேர்வதே அறிவுடைமை என்பார்கள். இவர்களுக்கு முன்மாதிரி சுல்பிகர் கான். அவுரங்கசீப்பின் இந்தத் தளபதி 1690இல் செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கே இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். கோட்டைக்குள் நுழைந்தபோது யாரைப் பிடிக்க முற்றுகையிட்டாரோ அந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். பட்டியல் படிப்பவரும் அவ்வாறே லைட்ரூமா, டார்க்டேபிளா, அஃபினிட்டியா என்று சுற்றிச் சுற்றி வருகிறார். அவர் தேறி வருவதற்குள் கல்யாண ஆல்பம் அச்சாகி, மணமக்களுக்குக் குழந்தை பிறந்து, காதுகுத்து பிளெக்ஸுக்கு ஆர்டர் போயிருக்கும்.

கடைசி ஆட்சேபம்தான் கடினமானது. இன்றைய தொடக்கநிலையாளருக்கு நாற்காலியே கிடையாது, கைப்பேசி இருக்கிறது. ஸ்னாப்சீட் இருக்கிறது, பிக்ஸ்ஆர்ட் இருக்கிறது. விரலால் தேய்த்தால் தோள்மேல் கை பறந்துவிடுகிறது. பக்கத்தில் யாரும் வேண்டாம். கோட்பாடு இங்கே சரிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அந்தப் படம் கைப்பேசியிலேயே இருக்கும்வரைதான் இது உண்மை. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற வழியில் பத்தடிக்கு எட்டடி பேனர் கட்ட வேண்டும் என்று ஒருநாள் முடிவாகும். அன்றைக்கு அவர் அதை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புவார். அது சுருங்கி, மூக்குக்கும் வாய்க்கும் வரப்பு தெரியாத நிலையில் போய்ச் சேரும். கடைக்காரர் ஏழாம் பதிப்பில் அதைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். “போட்டோவா அனுப்பாதீங்கண்ணே, டாக்குமென்ட்டா அனுப்புங்க” என்பார். எப்படி என்று இவருக்குத் தெரியாது. “கடைக்கு வாங்க, காட்டறேன்” என்பார் அவர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டபடி.