மனப்பாடம் செய்யும் வட்டு

முழு எஸ்எஸ்டி வாங்கக் காசு இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சகிக்கப் பொறுமையும் இல்லை என்றிருந்த லேப்டாப்காரர்களுக்காக 2010-இல் சீகேட் இறக்கிய சமரசத்தின் பெயர் மொமென்டஸ் எக்ஸ்டி. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் 500 ஜிபி வட்டு. கூடவே, சாம்பாருக்குப் பெருங்காயம் போல, 4 ஜிபி ஃபிளாஷ்.

நாம் அடிக்கடி எதைத் திறக்கிறோம் என்று அது ஓரக்கண்ணால் கவனித்து, ஃபிளாஷில் பதுக்கிக்கொள்ளும். ஆகவே மாட்டிய அன்று முதல் பூட்டில் பழைய கதைதான்; இரண்டாவது, மூன்றாவதில்தான் வேகம் தெரியும். தினமும் அதே பிரவுசர், அதே எக்செல் கோப்பு என்று வாழ்பவருக்கு ராஜமரியாதை. புதிதாக எதையாவது திறக்கும் ஆசாமி கரகர ஓசையைக் கேட்டபடி காத்திருக்க வேண்டியதுதான். (அரசாங்க அலுவலகத்துக்கென்றே செய்தார்களோ என்னவோ!) அந்த 4 ஜிபியும் படிக்க மட்டும், ‘சேவ்’ அழுத்தினால் சலுகை கிடையாது.

பழைய வட்டை அப்படியே குளோன் எடுத்து மாட்டுபவர்கள் தனி ரகம். எப்போதோ வந்து ஒட்டிக்கொண்ட டூல்பார், காலாவதியான ஆன்டிவைரஸ் எல்லாம் மூட்டை முடிச்சோடு குடிபெயரும். தினமும் முந்திக்கொண்டு எழுவது அந்த ஆன்டிவைரஸ்தானே. புது வட்டும் அதையே அக்கறையாக மனப்பாடம் செய்யும்.

விவரமான கடைக்காரர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். மூன்று தடவை தானே பூட் செய்துவிட்டு, நாலாவது தடவைக்குத்தான் வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்.