பெர்ன்ஹில்லில் பருப்பு வேகாமை: ஒரு விசிலியல் ஆய்வு

மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனையும் நடராஜ குருவின் நாராயண குருகுலமும் இருக்கிற ஊட்டி பெர்ன்ஹில்லைப் பற்றி எழுதியவர்கள் ஒன்று குளிரைப் பாடினார்கள், இல்லாவிட்டால் வேதாந்தம் பேசினார்கள். துவரம்பருப்பைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க வந்தது.

ஆய்வுப் பொருள், இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வேலைக்கு வரும் வெளிநாட்டுத் தம்பதியர். தனியொரு ஜோடியைச் சொன்னால் சங்கடம் என்பதால், வந்துபோன பலரை ஒரே குக்கரில் போட்டு இறக்கிய மாதிரித் தம்பதி ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். கணவர் பிசிக்ஸ் சார், மனைவி பியானோ மிஸ். சொந்த ஊர் இங்கிலாந்தில் கடலோரம். இந்தக் கடலோரம் என்பதை வாசகர் மறக்கக் கூடாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தக் காகித வேலையெல்லாம் முடிந்துவிடுகிறது. பருப்புதான் வேகவில்லை.

முன்னோர் சான்றுகளால் பயனில்லை. கலெக்டர் சல்லிவன் 1820-களில் இங்கே ஸ்டோன் ஹவுஸ் கட்டினார், மலையில் உருளைக்கிழங்கு போட்டார். மெக்காலே 1834-ல் ஊட்டியில் தங்கினார். மறு வருஷம் நமக்கு எந்தப் படிப்பு நல்லது என்று முடிவுகட்டி எழுதினார். இவர்களுக்கெல்லாம் சமைத்துப்போட ஆள் இருந்தது. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் சாட்சியம் இங்கே செல்லாது.

இனி அறிவியல். ஊட்டி மலை 2,200 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். பார்க்கிறவருக்கு ஏக வேகம். உள்ளே கிடக்கும் பருப்புக்கு அது வெந்நீர்க் குளியல். மாதிரிக் கணவர் எட்டாம் வகுப்பில் தண்ணீரின் கொதிநிலை 100 என்று போர்டில் எழுதிவிட்டு லேபில் காட்டப் போனார். தெர்மாமீட்டர் 93-ஐத் தாண்ட மறுத்தது. இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். மூன்றும் பழுது என்று ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். மாணவர்கள் நோட்டில் 100 என்றே எழுதிக்கொண்டார்கள். பரீட்சையில் அதற்குத்தான் மார்க்.

குக்கர் வாங்கினால் தீராதா என்று கேட்பீர்கள். முக்கால்வாசி தீரும். குக்கரின் வெயிட், வெளிக்காற்றைவிட உள்ளழுத்தம் எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் பார்க்கிறது. வெளிக்காற்றே இளைத்துக் கிடக்கிற இடத்தில் உள்ளேயும் கொஞ்சம் குறையும். கடலோரத்தில் 120 டிகிரியைத் தொடுகிற குக்கர் இங்கே 116-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. நாலு டிகிரிதானே என்று எண்ணுகிறவர் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் கலாசாரச் சிக்கல் ஒன்றும் உண்டு. அவர்கள் ஊர்க் குக்கர் சன்னமாகச் சீறும். சமையல் புத்தகம் நிமிடத்தில் பேசும். நம்முடையது விசிலில் பேசும். ஸ்டாப்வாட்ச்சோடு அடுப்பருகே நின்ற மாதிரிக் கணவர், ஒரு விசிலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி தீயைப் பொறுத்து மாறுகிறது, ஆகவே விசில் ஓர் அளவே அல்ல என்று நிரூபித்தார். நிரூபணத்தில் குற்றமில்லை. பருப்பும் வேகவில்லை.

பருப்பு வெந்ததா என்று அறிவதில் அறிஞர்கள் மூன்று கட்சி. விசில் எண்ணுவோர் கட்சி பெரிது. ஆனால் லவ்டேலிலிருந்து வரும் மலை ரயிலின் ஹாரனையும் சேர்த்து எண்ணிவிடும் ஆபத்து அதற்கு உண்டு. (1908 முதல் ரயில் ஊட்டிக்கு வருகிறது, குன்னூருக்கு மேலே டீசல் என்ஜின் என்பதால் காது பழகியவர் ஏமாறுவதில்லை.) மணம் பார்ப்போர் கட்சி நம்பகமானது, ஜலதோஷக் காலத்தில் செயலிழக்கும். ஊட்டியில் அது ஏறக்குறைய வருஷம் பூரா. மூன்றாவது கட்சியில் ஒரே உறுப்பினர்: குவார்ட்டர்ஸில் வேலை செய்யும் அக்கா.

மிஸ் ஒருநாள் பருப்போடு புளியையும் தக்காளியையும் முதலிலேயே சேர்த்து மூடியபோது அக்கா பார்த்துவிட்டார். “புளிய யாருங்க மிஸ் இப்பவே ஊத்தச் சொன்னது? அது பருப்ப வேக வுடாதுங்க. கீழ நாலு விசிலுன்னா இங்க ஆறு வைக்கோணும். பருப்பு பழசுன்னா எட்டு.” புளிப்பு பட்டால் பருப்பு இறுகும், உயரம் கூடினால் நேரம் கூடும், பழைய பருப்பு லேசில் மசியாது: மூன்று விதிகள், மூன்று வாக்கியம், போர்டு தேவைப்படவில்லை. சார் மட்டும் விடாமல், ஆறு என்ற எண் எந்தச் சூத்திரத்தில் வந்தது என்று கேட்டார். “எங்கம்மா வைப்பாங்க சார்.” இக்கட்டுரையாளர் அறிந்தவரை, மேற்கோள் இவ்வளவு சுருக்கமாகவும் மறுக்க முடியாததாகவும் அமைந்த ஆய்வு வேறில்லை.

வருகிற ஜூனில் பெர்ன்ஹில் பக்கம் வேலைக்கு வரப்போகும் தம்பதியருக்கு: பருப்பை அரைமணி ஊறப்போடுங்கள். மஞ்சளும் ஒரு சொட்டு எண்ணெயும் போதும், புளி கடைசியில். விசில் எத்தனை என்று அக்காவிடம் கேளுங்கள். லேபில் இருக்கும் அந்த மூன்று தெர்மாமீட்டரும் நல்லவைதான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.