கல்மரமும் கணக்குப்பிள்ளை சிப்பும்

கேள்வி: நேற்றிரவு வரை நன்றாக ஓடிய எஸ்எஸ்டி, காலையில் கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு முனகல்கூட இல்லாமல் எப்படிப் போகும்? தங்கை கல்யாணப் படங்கள் கிடைக்குமா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: பழைய ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டு உண்டு, போகும் முன் பல நேரம் கடகடவென்று புலம்பி ஊரைக் கூட்டிவிடும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. படங்கள் பல சிப்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கே என்பது கன்ட்ரோலர் சிப்புக்குத்தான் தெரியும். அந்தக் கணக்குப்பிள்ளை மயங்கினால், குதிர் நிறைய நெல் இருந்தும் அடுப்பில் உலை இல்லை.

சத்தமில்லாமல் போவதற்கு ஓர் உதாரணம்: 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி எச்சரித்தது. ஃபர்ம்வேர் என்னும் உள் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், அவை நின்றுவிடும், தரவும் மீளாது. ஒரே நாளில் மாட்டியவை ஏறக்குறைய ஒன்றாகவே போகும்!

கம்ப்யூட்டர் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம். கன்ட்ரோலர் கோளாறென்றால் தரவு மீட்பு ஆய்வகத்தில் வாய்ப்புண்டு; செலவு அதிகம். அதற்குமுன் ஆல்பம் போட்ட ஸ்டூடியோவிலும், சொந்தங்களின் போனிலும் தேடலாம்.

உங்கள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரம் சுமார் 12 கோடி ஆண்டாக 18 மீட்டர் உடம்பைக் காத்துக் கிடக்கிறது. எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் தரவைக் காக்கத் தொழில்தரம் கேட்பது ஒரே ஆண்டு. உங்கள் ஊர் வெயிலோ 40 டிகிரியைத் தொடும்; சூட்டில் அந்த ஓர் ஆண்டும் குறையும்.