ஈஸ்டை எழுப்பிவிட்டு வேலை வாங்குங்கள்

கேள்வி: மார்கழி வந்தால் ஆப்ப மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. ஈஸ்ட் போட்டும் பலனில்லை. ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி, பீருக்குச் செய்வதுபோல் ஈஸ்டைத் தனியாக வளர்த்துச் சேர்க்கச் சொல்கிறான். சரிதானா?
- ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: தம்பி சொல்வது சரி. பீர் காய்ச்சுகிறவர்கள் ஈஸ்டைக் கொஞ்சம் மால்ட் கரைசலில் பெருக்கிவிட்டுத்தான் பெரிய பாத்திரத்தில் சேர்ப்பார்கள். (அதற்காக வீட்டில் பீர் காய்ச்சக் கிளம்பிவிட வேண்டாம்; 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தூங்கவில்லை.) ஆப்பத்துக்குப் பத்து நிமிடம் போதும். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகை சர்க்கரை, கால் ஸ்பூன் ஈஸ்ட் போட்டு மூடி வையுங்கள். மேலே நுரை கட்டி, லேசாகப் புளித்த வாசம் வந்தால் உயிர் இருக்கிறது. வராவிட்டால் கொட்டிவிடுங்கள், செத்த ஈஸ்டுக்காக விடிய விடியக் காத்திருப்பானேன்? தண்ணீர் விரலைச் சுடக் கூடாது. 60 டிகிரி சூட்டில் ஈஸ்ட் பிழைக்காது.

இட்லி மாவுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். உளுந்தோடு வரும் லியூகோனாஸ்டாக் பாக்டீரியாவே பொங்க வைத்துவிடும். குளிரில் அது மெதுவாகத்தான் பெருகும். பழைய மாவு ஒரு கரண்டி கலந்து, அடுப்பு மேடையோரம் வையுங்கள். காலையில் எழும்பாவிட்டால் மதியம் வரை விடுங்கள். அவசரப்பட்டு ஆப்ப சோடாவை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அம்மா!