இருமுறை விலக்குப் பெற்ற ஒரு கிராம் காசு

பெறுநர்: தலைமை இயக்குநர், இந்திய தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புது தில்லி.

வழி: தரமணி அலுவலகம், சென்னை.

அனுப்புநர்: முதல் காசு வாங்கப் போகிறவர்கள், காந்தி ரோடு, காஞ்சிபுரம்.

பொருள்: தங்கக் காசு – முதன்முறை வாங்குதல் – ஏமாறாதிருத்தல் – அமைவனத்தின் வேலையை வாங்குபவரே செய்துகொள்ளுதல் – பாராட்டும் கோரிக்கையும் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கத்தில் செய்யப்படும் உருப்படிகளில் எளியது காசு. அதில் கல் பதிப்பதில்லை, அரக்கு அடைப்பதில்லை, பொடி வைத்துப் பற்றுவதில்லை. தங்கத்தை உருக்கித் தகடாக்கி, வில்லையாக வெட்டி, அச்சில் அழுத்தினால் வேலை முடிந்தது. நகையில் ஏமாற நூறு இடம் உண்டென்றால் காசில் மூன்றே இடம்: மாற்று (தூய்மை), எடை, பில். நகைக்கடைக்குள் முதன்முறை காலெடுத்து வைப்பவர் காசைக் கேட்பது இதனால்தான். காஞ்சிபுரத்தில் இவர்கள் இரு வகை. முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து, காந்தி ரோட்டில் புடவை முடிந்த கையோடு "அப்படியே ஒரு காசும் வாங்கிடலாம்" என்று அடுத்த கடைக்குப் படியேறும் கல்யாண வீட்டார் ஒரு வகை. பிள்ளையார்பாளையத்தில் தறிக்கூலியில் மிச்சம் பிடித்து, பெண் குழந்தைக்கென்று கிராம் கிராமாகச் சேர்க்கும் நெசவாளர் வீட்டார் இன்னொரு வகை. இரு சாராருக்கும் அமைவனம் செய்துள்ள உபகாரம் பதிவு செய்யத் தக்கது.

ஹால்மார்க் முத்திரை 2000 ஏப்ரலில், விரும்பும் கடைகளுக்கென்று தொடங்கியது. அதைக் கட்டாயமாக்கும் ஆணை 2020 ஜனவரியில் வெளியாகி, தள்ளித் தள்ளிப் போய், 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே ஒவ்வொரு உருப்படிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனிக்குறி வந்தது. கட்டாயம் உள்ள இடங்களில் 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் குறியில்லாத நகையை விற்கக் கூடாது. அமைவனத்தின் முக்கோண முத்திரை, மாற்றைச் சொல்லும் எண், ஆறு இலக்கக் குறி ஆகிய மூன்றும் இன்று கம்மலின் பின்புறத்தில் லென்ஸ் வைத்துத் தேடினால் கிடைக்கின்றன.

இத்தனை கண்டிப்பான ஆணைக்கு ஒரு விலக்குப் பட்டியலும் உண்டு. இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிக்குக் கட்டாயம் இல்லை. கட்டி, தகடு, கம்பி, காசு என எந்த வடிவில் இருந்தாலும் தனித் தங்கத்துக்குக் கட்டாயம் இல்லை. தங்க இழையால் ஆன பொருளுக்கும் இல்லை. ஆக, நாலும் தெரிந்தவர் பேரம் பேசி வாங்கும் ஆரம் சோதனைக்குப் போகிறது. ஒன்றும் தெரியாதவர் வாங்கும் காசு நேரே அவர் கைக்குப் போகிறது. ஒரு கிராம் காசின் அந்தஸ்து இன்னும் உயர்ந்தது. எடையால் ஒரு முறையும் வடிவத்தால் ஒரு முறையுமாக அது இருமுறை விலக்குப் பெற்றுவிட்டது. ஜரிகைப் புடவையும் ஒரு கிராம் காசும் வாங்கிக்கொண்டு வேன் ஏறும் குடும்பம், கட்டாயத்தின் காற்றுகூடப் படாமல் ஊர் போய்ச் சேரலாம். ஜரிகையிலாவது தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, மீதி வெள்ளியும் செம்பும் பட்டும்தான் என்பது நெசவாளருக்குத் தெரியும். காசில் என்ன இருக்கிறது என்பது அச்சடித்தவருக்கு மட்டும் தெரியும்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்குகிறவர்கள் அது எத்தனை காரட் என்று விசாரிப்பதில்லை. தோஷம் போனால் சரி. காசையும் அதே பக்தியோடு வாங்க வேண்டும் என்பது ஆணையின் உட்கருத்தாக இருக்கலாம். பக்தி போதாதவர்கள் பின்வரும் முறையைக் கையாளுகிறார்கள்.

முதலில் மாற்று. காசில் 999 என்றிருந்தால் ஆயிரம் பங்கில் 999 பங்கு தங்கம். 995 என்பதும் 24 காரட் கணக்கில் வரும். 916 என்றால் 22 காரட். எட்டு கிராம், அதாவது ஒரு பவுன், 999 காசில் 7.99 கிராம் தங்கம் இருக்கும். 916 காசில் 7.33 கிராம்தான் இருக்கும். நடுவில் உள்ள 0.66 கிராமுக்காகத்தான் கடைப் பலகையில் இரண்டு விலை எழுதுகிறார்கள். 22 காரட் காசு மட்டமானதல்ல. தாலிக்குத் தங்கம் திட்டத்தில் தமிழ்நாடு அரசு 2011 முதல் நான்கு கிராமும் 2016 முதல் எட்டு கிராமும் கொடுத்தது 22 காரட் காசாகத்தான். 22 காரட் காசை 24 காரட் விலைக்குத் தலையில் கட்டுவதே ஏமாற்று. 24 காரட் காசுக்கு ஹால்மார்க் போட அமைவனத்தின் உரிமம் பெற்ற சுத்திகரிப்பு ஆலைக்கும் காசாலைக்கும்தான் அனுமதி. கடைக்காரர் தம் பெயரை ஒரு பக்கமும் லட்சுமியை மறுபக்கமும் அச்சடித்து "இது எங்க ஹால்மார்க்" என்பது, மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தி மார்க் போட்டுக்கொள்வது. 2015 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட இந்தியத் தங்கக் காசு, அசோகச் சக்கரமும் காந்தியும் பொறித்தது, 999 மாற்றும் ஹால்மார்க்கும் கொண்டது. காசில் ஆறு இலக்கக் குறி இருந்தால் அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் கடையிலேயே போட்டுப் பார்க்கலாம்.

குறி இல்லாத காசைச் சோதிக்க மூன்று வழிகள் உள்ளன. கட்டளைக்கல்லில் உரைத்து, தெரிந்த மாற்றுள்ள ஆணியின் கோட்டோடு ஒப்பிடுவது பழைய வழி. பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. எக்ஸ்ரே கருவியில் வைப்பது புதிய வழி; நொடியில் எண் வரும், ஆனால் கருவி மேல்தோலை மட்டுமே பார்க்கும், கனமான முலாமுக்கு உள்ளே எட்டிப் பார்க்காது. நிச்சயமானது மூன்றாவது வழி. காசில் ஒரு துண்டை வெட்டி, வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் பொதிந்து, நுண்துளைக் கிண்ணத்தில் வைத்து உலையில் உருக்க வேண்டும். ஈயமும் செம்பும் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மிஞ்சும் மணியைத் தட்டித் தகடாக்கி, நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்து, எஞ்சியதை நிறுத்தால் மாற்று துல்லியமாகத் தெரியும். ஒரு கிராம் காசு விஷயத்தில் சந்தேகம் தீரும்போது காசும் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். ஹால்மார்க் இல்லாத நகையைப் பொதுமக்களே ஹால்மார்க் சோதனை மையத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கலாம் என்றும் நான்கு உருப்படி வரை கட்டணம் 200 ரூபாய் என்றும் 2022-இல் அறிவிப்பு வந்தது. அந்த 200 ரூபாயைக் காசின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது முறை.

அடுத்தது எடை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராஜராஜன் கொடுத்த பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது என்று கல்வெட்டே சொல்கிறது. எந்தக் கல்லால் நிறுத்தது என்று எழுதி வைப்பது ஆயிரம் ஆண்டு வழக்கம். இன்றைய மின்னணுத் தராசில் அந்த இடத்தில் இருப்பது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு ஆண்டுதோறும் இடும் முத்திரை. கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறதா, காசு வைக்கும் முன் எண் சுழியத்தில் நிற்கிறதா, மேலே மின்விசிறி சுற்றுகிறதா என்பவை பார்க்க வேண்டியவை. கதவு திறந்திருந்தால் ஒரு கிராமின் கடைசி இலக்கம் விசிறிக் காற்றுக்கு ஆடுவதைக் கண்ணாலேயே காணலாம். அட்டைக்குள் அடைத்த காசில் ஒரு வேடிக்கை உண்டு: பிரித்தால் திருப்பி எடுக்கமாட்டார்கள், பிரிக்காமல் நிறுக்க முடியாது. அட்டையிலுள்ள வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதே இதற்கு மருந்து.

மூன்றாவது பில். காசு வாங்கும் இடத்தில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படி இருக்கும்.

"சேதாரம் எவ்வளவுப்பா?"

"காசுக்கு ஏதுக்கா சேதாரம்!"

"அப்ப இந்த நாலு பர்சென்ட்?"

"அது மேக்கிங்க்கா."

"இது?"

"அது பாக்கிங். பில் வேணும்னா ஜி.எஸ்.டி. வரும். வேணாம்னா எஸ்டிமேட்லயே முடிச்சுத் தரேன்."

அச்சில் அழுத்தும் காசுக்குச் சேதாரம் கேட்க நியாயமில்லை. வெட்டிய மிச்சம் மறுபடி உலைக்கே போகிறது. செய்கூலி கடைக்குக் கடை மாறும் என்பதால் இரண்டு கடையில் விசாரித்தால் போதும். தங்கத்துக்கு ஜி.எஸ்.டி. மூன்று சதவீதம். எஸ்டிமேட் சீட்டில் வாங்குபவர் அந்த மூன்று சதவீதத்தை மிச்சம் பிடித்து, நூறு சதவீத அத்தாட்சியை இழக்கிறார். ஒழுங்கான பில்லில் மாற்று, நிகர எடை, அன்றைய கிராம் விலை, செய்கூலி, வரி ஆகியவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பான் எண் கேட்பார்கள்; முதல் காசுக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

நகைச் சீட்டுக் கட்டிக் காசு எடுக்க நினைப்பவர் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. சீட்டு முடிவில் நகைதான் தருவோம், காசு கிடையாது என்று பல கடைகள் பொடி எழுத்தில் போட்டிருக்கின்றன. தவணை பதினொரு மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு: முன்பணம் 365 நாளைத் தாண்டினால் நிறுவனச் சட்ட விதிப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும்.

கடைக்கு வெளியே விற்பவர்கள் தனி ரகம். அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் கிடைத்தது என்று துணி முடிச்சை அவிழ்ப்பவர் சோதிக்கக் கொடுக்கும் முதல் காசு அசல். முடிச்சில் மிச்சமுள்ளவை பித்தளை. வீட்டு வாசலில் பாலீஷ் போட்டுத் தருகிறவர் காசைப் பளபளப்பாகத் திருப்பித் தருவார். கரைந்த தங்கம் அவர் கிண்ணத்து ராஜ திராவகத்தில் தங்கிவிடும்.

வாங்கும் அன்றே விற்பதையும் யோசிக்க வேண்டும். காசு விற்கும் வங்கிகள் அதைத் திரும்ப வாங்குவதில்லை. வாங்கிய கடை எடுத்துக்கொள்ளும். பில் இருந்தால் கழிவு குறையும். வேறு கடை, உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்லும். செய்கூலியும் வரியும் எங்கும் திரும்பி வராது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்தால், ஹால்மார்க் உள்ள உருப்படியில் குறைந்த மாற்றின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்க விதி இருக்கிறது. ஹால்மார்க் இல்லாத காசுக்கு அந்த விதி இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் நுகர்வோர் ஆணையமும் உண்டு. இரண்டிலும் முதலில் கேட்பது பில்லை.

எனவே அமைவனத்தின் கனிவான பரிசீலனைக்குக் கோரிக்கைகள் மூன்று:

1. காசை விலக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எடுக்க மனமில்லையெனில், "இது யாராலும் சோதிக்கப்படவில்லை" என்ற வாசகத்தை லட்சுமியின் காலடியில் பொறிக்க உத்தரவிடலாம்.

2. 999, 995, 916 மூன்றுக்கும் அன்றைய விலையையும், காசுக்குச் சேதாரம் இல்லை என்பதையும் தமிழில் எழுதிய பலகை ஒன்றைக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வைக்கச் செய்யலாம்.

3. மாற்று பார்த்து, தராசு பார்த்து, பில் பார்த்து வாங்கும் நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு அமைவனத்தின் ஆய்வாளர் அடையாள அட்டை வழங்கலாம். வேலை ஏற்கெனவே நடப்பதால் ஊதியச் செலவு ஏதும் எழாது.

இக்கடிதம் ஏ4 தாள் மூன்றில் தட்டச்சு செய்யப்பட்டுள்ளது. தாள் ஒன்று சுமார் ஐந்து கிராம். இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கான விலக்கு இதற்குப் பொருந்தாது என்பதால், பதில் அனுப்புவது கட்டாயமாகிறது.