ஜெயிச்சாச்சுல்ல மாப்பிள்ளை?

எனக்கும் மிச்சிகன் யுனிவர்சிட்டிக்கும் உள்ள ஒரே பந்தம் ஒரு டி-ஷர்ட். நீலத்தில் மஞ்சள் எழுத்து. மஞ்சள் என்று சொல்லக்கூடாது, 'மெய்ஸ்' என்று சொல்ல வேண்டும். மக்காச்சோள நிறமாம். ஒரு சீசன் முழுக்க அதை மாட்டிக்கொண்டு அலைந்த பிறகுதான் இதுவே எனக்குத் தெரிந்தது.

நான் படித்தது திருநெல்வேலிப் பக்கம். எங்கள் காலேஜ் மைதானத்தில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவை ஆடுகள் மட்டும்தான். வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் வந்து சேர்ந்தேன். பக்கத்து ஊர் ஆன் ஆர்பர், மிச்சிகன் யுனிவர்சிட்டி இருக்கிற ஊர். ஊரோடு ஒத்து வாழ் என்றார்களே என்று அந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் டீமுக்கே கொடி பிடித்துவிட்டேன். இப்படிப் படிக்காமலே ரசிகனானவர்களை இங்கே 'வால்மார்ட் வுல்வரின்' என்று கிண்டல் செய்வார்கள். வுல்வரின் என்பது டீமின் பெயர்; காலேஜில் சீட் வாங்காதவன், கடையில் சட்டை வாங்கினவன் என்று பொருள். ஆபீஸில் ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது பாராட்டு என்று நினைத்து தேங்க்ஸ் சொன்னேன்.

2013 செப்டம்பர் 7, சனிக்கிழமை ராத்திரி. மிச்சிகன் நோட்ர டாம் காலேஜ் டீமை 41-30 என்று அடித்து நொறுக்கியது. மைதானத்தில் 1,15,109 பேர். நான் வீட்டு சோபாவில். ஆனால் மறுநாள் காலையில் பேசியது அந்த லட்சத்துப் பதினைந்தாயிரம் பேரும் சேர்ந்து பேசவேண்டிய பேச்சு. "இந்த வருஷம் நம்ம வருஷம்." நம்ம என்ற சொல்லை அவ்வளவு தாராளமாக நான் சொந்த ஊர்ச் சொத்து விஷயத்தில்கூட உபயோகித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மாமா கூட்டுறவு வங்கியில் அக்கவுன்டன்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். நயாகரா பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நயாகரா எங்கேயும் ஓடிவிடாது, ஃபுட்பால் சீசன் ஓடிவிடும் என்று நான் சொன்னேன். அருவி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது என்று என் மனைவி திருத்தினாள்.

டிக்கெட் எடுத்தது அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு. எதிராளி ஆக்ரன். ஒஹையோவில் டயர் கம்பெனிகளுக்குப் பேர் போன ஊர். டீமின் பெயர் ஜிப்ஸ். ஒரு காலத்தில் அங்கே தயாரான, மழைக்கு ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறையின் பெயரிலிருந்து வந்தது அது. முந்தைய மூன்று சீசனிலும் ஆக்ரன் விளையாடியது வருஷத்துக்கு 12 ஆட்டம், ஜெயித்தது வருஷத்துக்கு ஒன்று. சூதாட்டக்காரர்கள் மிச்சிகன் முப்பது புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணித்திருந்தார்கள். நான் ஆபீஸில் 50-0 என்றேன். குறைந்தது 20 புள்ளி வித்தியாசம் வராவிட்டால் எல்லோருக்கும் என் செலவில் டோனட் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

இது எப்படிப்பட்ட ஏற்பாடு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய காலேஜ்கள் செப்டம்பரில் சின்ன காலேஜ் டீம்களைப் பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைக்கும். பெரியவர்களுக்கு ஒரு வெற்றியும், ஒரு நாள் டிக்கெட் வசூலும், தைரியமும். சின்னவர்களுக்கு வருஷச் செலவுக்கு ஒரு தொகை. அதாவது அடி வாங்கக் கூலி. மாமாவுக்கு இதை விளக்கியபோது, "ரசீது கொடுப்பாங்களா?" என்று கேட்டார்.

மைதானத்து வாசலில் என் முதல் சறுக்கல். உள்ளே பை கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே அப்போதே பல வருஷமாக இருந்த விதி. சீசன் முழுக்க டீமைக் கரைத்துக் குடித்தவனுக்கு அது தெரியவில்லை. மாமியார் கட்டிக் கொடுத்த கைமுறுக்கும் அதன் பையுமாகத் திரும்பிக் கார் வரை நடந்தோம். கார் நின்ற இடம் ஆன் ஆர்பர்தானா என்றே சந்தேகம் வருகிற தூரம். ஆட்டத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டோம். முறுக்கில் பாதியைப் பார்க்கிங்கிலேயே முடித்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

"ஒரு லட்சம் பேர்னு சொன்னீங்க, இது எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் உசரம்தான இருக்கு" என்றார் மாமா வெளியே நின்று. 1927-ல் கட்டியபோது தரையைத் தோண்டி இறக்கிக் கட்டியது அது. வாசலுக்குள் நுழைந்தால் காலடியில் பள்ளமாக விரியும். உள்ளே போனதும் மாமா பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டார். அன்று நான் சொன்னதில் உண்மையானது அந்த ஒரு லட்சம் மட்டும்தான்.

உட்கார நாற்காலி கிடையாது, அலுமினிய பெஞ்சு. ஆளுக்கு ஒரு நம்பர் எழுதிய அகலம். அந்த அகலத்தை அளந்தவர் ரவா லட்டு சாப்பிட்டுப் பழகாதவர்.

விதிகளை நான் கிரிக்கெட் வழியாக விளக்கினேன். நாலு பந்து, அதற்குள் பத்து யார்டு போக வேண்டும், போனால் மறுபடியும் நாலு பந்து. டச்டவுனுக்கு ஆறு, சிக்ஸர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்செப்ஷன் என்றால் எதிராளி கேட்ச் பிடித்துவிட்டான், அவுட். "அவுட் ஆனவரு ஏன் திரும்ப வாராரு?" என்று கேட்டார் மாமா. அந்த விளக்கத்தை அத்தோடு டிக்ளேர் செய்தேன்.

பந்தை வீசுகிற நம்ம குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர், 98-ஆம் நம்பர். அது டாம் ஹார்மன் போட்ட நம்பர், 1940-ல் ஹைஸ்மன் டிராஃபி வாங்கின மகா ஆட்டக்காரர், அவர் ஞாபகமாக இந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று காலையில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். ஆட்டம் போகிற போக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "அந்த ஹார்மன் இன்னிக்கு வரலையா?"

ஏனென்றால் ஆட்டம் நகரவே இல்லை. இடைவேளையில் 7-3. நம்ம ஏழு, அவர்கள் மூன்று. "இனிமேதான் மாமா சூடு பிடிக்கும்" என்றேன். பிடித்தது. மூன்றாவது குவார்ட்டரில் ஆக்ரன் முந்தியது.

பதற்றத்தில் நான் "கமான் மிச்சிகன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முன் வரிசையில் நீல மெத்தை போட்டு உட்கார்ந்திருந்த பாட்டியம்மா திரும்பி உதட்டில் விரல் வைத்தார். நம்ம ஆட்கள் பந்தை வைத்திருக்கும்போது அமைதியாக இருக்க வேண்டும், அவர்கள் போடும் சங்கேதம் ஒருவருக்கொருவர் கேட்க வேண்டுமே. எதிராளி கையில் பந்து இருக்கும்போதுதான் கத்த வேண்டும். அதுவரை நான் ஒவ்வொரு முறையும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். புள்ளிவிவரப்படி ஆக்ரனுக்கு அன்று கிடைத்த ஒரே வெளியூர் ஆதரவு நான்தான்.

மிச்சிகன் மறுபடி முன்னால் போனது. அப்பாடா என்று உட்கார்வதற்குள் கார்ட்னர் வீசிய பந்து ஒன்றை ஆக்ரன்காரர் பிடித்து, அப்படியே ஓடி டச்டவுன் வைத்துவிட்டார். அன்று கார்ட்னர் வீசிப் பறிகொடுத்தது மூன்று பந்து. கடைசி குவார்ட்டரில் 4 நிமிஷம் 10 விநாடி பாக்கி. பலகையில் ஆக்ரன் 24, மிச்சிகன் 21.

அப்போது சுற்றியிருந்தவர்கள் ஒரே பெயரை முணுமுணுத்தார்கள். அப்பலாச்சியன். அது மலைத்தொடர் என்று ஏழாம் வகுப்பு பூகோளத்தில் படித்தது ஞாபகம் வந்தது. பக்கத்து சீட் பெரியவரிடம், அந்த மலைக்கு எப்படிப் போகணும் என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் பார்த்த பார்வையை இன்னும் மொழிபெயர்க்க முடியவில்லை.

விஷயம் இது. 2007 செப்டம்பர் 1. இதே மைதானம். நாட்டின் ஐந்தாவது இடத்தில் இருந்த மிச்சிகன், 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற கீழ்த்தட்டு டீமை வரவழைத்தது. அவர்கள் 34-32 என்று ஜெயித்து, கடைசி உதையையும் தடுத்து, காசோலையையும் வாங்கிக்கொண்டு வட கரோலினாவுக்குப் போனார்கள். ஆன் ஆர்பர்க்காரர்களுக்கு இது ஆறாத புண். அதில்தான் நான் டூரிஸ்ட் வழி கேட்டு விரலை விட்டிருக்கிறேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. 2 நிமிஷம் 49 விநாடி இருக்கும்போது நம்ம ஆட்டக்காரர் டூசான் உள்ளே புகுந்து டச்டவுன் வைத்தார். 28-24. ஆக்ரன் விடவில்லை. யார்டு யார்டாக நகர்ந்து நம்ம கோட்டுக்கு நாலு யார்டு வரை வந்துவிட்டது. சில விநாடி பாக்கி, ஒரே ஒரு ஆட்டம். குவார்ட்டர்பேக் வீசினார். பந்து யார் கையிலும் சேராமல் விழுந்தது. நான் கண்ணைத் திறந்தபோது முடிந்திருந்தது.

ஜெயித்துவிட்டோம். ஆனால் ஒரு லட்சம் பேரிடமிருந்து வந்தது ஆரவாரம் இல்லை, பெருமூச்சு. பேண்டு வாத்தியக்காரர்கள் வெற்றிப் பாட்டை வாசித்தார்கள், 1898-ல் எழுதிய அதே பாட்டு. கூடப் பாடியவர்கள் யாரும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா மட்டும் எழுந்து நின்று மனதாரக் கைதட்டினார். ஆக்ரன் பையன்களுக்கு என்று பிறகு தெரிந்தது.

காரில் ரேடியோவைப் போட்டேன். போனில் வந்த ஒவ்வொருவரும் கோச் பிரேடி ஹோக்கை வீட்டுக்கு அனுப்ப நாள் குறித்தார்கள். எனக்கும் ஆவேசம் வந்தது. "அஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டரை மொதல்ல மாத்தணும் மாமா" என்றேன். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பது அந்த ரேடியோவில் பத்து நிமிஷம் முன்னால்தான் தெரிந்தது.

"ஜெயிச்சாச்சுல்ல மாப்பிள்ளை?"

"ஜெயிச்சாச்சு மாமா. ஆனா..."

"ஆனா என்ன?"

"இப்படி ஜெயிச்சிருக்கக் கூடாது."

மாமா யோசித்தார். "எங்க பேங்க்ல சாயங்காலம் கணக்கு டேலி ஆகாம ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் உக்காந்திருப்போம். டேலி ஆயிட்டா பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவோம். எப்படி ஆச்சுன்னு யாரும் அழுததில்ல."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முறுக்கில் மீதி இருந்ததை எடுத்து வாயை நிரப்பிக்கொண்டேன்.

தோற்றிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று அன்று ராத்திரி எனக்குத் தோன்றியது, சத்தியமாக. தோற்றால் நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். இப்படி ஜெயித்தவனுக்கு வாழ்த்தும் வராது, அனுதாபமும் வராது. மனைவியிடம் இதைச் சொன்னபோது, பாத்திரம் தேய்த்தபடியே இந்தத் துக்கத்தைக் கேட்பது சிரமமாக இருக்கிறது, துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொல் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு அடி. பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு வாராவாரம் வெளியிடும் ஏபி தரவரிசைப் பட்டியலில் 11-ஆம் இடத்தில் இருந்த மிச்சிகன் 15-க்கு இறங்கியது. ஜெயித்தவன் எப்படி இறங்குவான் என்று மாமா கேட்டார். மார்க் மட்டும் போதாது, கையெழுத்தும் பார்ப்பார்கள் என்று சமாளித்தேன். "அப்ப ஆக்ரன் ஏறிச்சா?" என்றார். பட்டியலிலேயே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் என்னைக் கண்டதும், மிச்சிகனின் ஜென்ம எதிரியான ஒஹையோ ஸ்டேட்டில் படித்த சகா கைகுலுக்கினார். "கங்க்ராட்ஸ், பெரிய வெற்றி." அதைவிடப் பெரிய அவமானத்தை அவரால் யோசித்திருக்க முடியாது. டோனட் டப்பாவைத் திறந்து வைத்தேன். தன் டீம் ஜெயித்ததற்கு அபராதம் கட்டிய ரசிகன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். வித்தியாசம் நாலு புள்ளி, டோனட்டும் நாலு பேருக்குப் போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை கனெக்டிகட்டில் 24-21. மறுபடியும் ஜெயித்துவிட்டு மறுபடியும் ஒப்பாரி. இந்த முறை நான் யாரிடமும் ஸ்கோர் கணிக்கவில்லை. மாமாவை நயாகரா கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அருவிப் பக்கம் நின்று போனில் ஸ்கோர் தேடிக்கொண்டிருந்ததால் அருவியைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் அந்த 98-ஆம் நம்பர் பையனை நான் பேசின பேச்சு கொஞ்சமில்லை. வயது 21. அந்த நாட்களில் இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது, ஸ்காலர்ஷிப் மட்டும்தான். நவம்பர் 30-ஆம் தேதி ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக அதே பையன் காலில் அடிபட்டும் வெளியேறாமல் நின்று, 451 யார்டு வீசி, நாலு டச்டவுன் போட்டுக் கொடுத்தார். கடைசி நிமிஷத்தில் சமன் செய்து ஓவர்டைமுக்கு இழுக்காமல், இரண்டு புள்ளிக்குத் துணிந்து பார்த்தார்கள். கைகூடவில்லை. 42-41. அன்று மைதானத்தை விட்டுப் போனவர்கள் பலரும் தலை நிமிர்ந்துதான் போனார்கள். தோற்ற ஆட்டத்துக்கு நான் வீட்டில் கைதட்டினேன், ஜெயித்ததற்கு டோனட் வாங்கிக் கொடுத்தவன்.

டிசம்பர் 28-ல் கான்சஸ் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்று மிச்சிகன் அந்த சீசனை முடித்தது. மொத்தக் கணக்கு 7 வெற்றி, 6 தோல்வி. ஆக்ரன் அன்று அந்த நாலு யார்டைத் தாண்டியிருந்தால், 6 வெற்றி, 7 தோல்வி.